மறுபடி கேட்கும் ஒரு வரி

சென்ற வாரம் எங்கள் பழைய அலுவலகத்து வாட்சாப் குழுவில், இப்போது அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். கெர்னலின் நினைவகப் பகுதியில் பதினொரு செயற்கூறுகள், அதாவது ஃபங்ஷன்கள், வெறுமையாகக் கிடக்கின்றன. பெயர் இருக்கிறது, உள்ளே ஒரு வரிகூட இல்லை. பயனில்லாத இவற்றை நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். ஏழு பேர் உடனே கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். நான் உயர்த்தவில்லை. முதலாவது, நான் ஓய்வு பெற்றபோது அவை பன்னிரண்டு. ஒன்று எங்கே போனது என்று யாரும் கேட்காதது எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டாவது, அவை யாருக்காக எழுதப்பட்டன என்பதைக் கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டிச் சொல்லி முடிக்க முடியாது. இங்குள்ள தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளரும் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் இவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஜோகூர் மாநிலத்தின் லாபிஸில். அப்பா ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தார். சிகாமட்டில் படித்து, கோலாலம்பூரில் பட்டம் பெற்று, சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பகலில் பிறர் எழுதிய நிரலில் பிழை தேடினேன், காலையிலும் மாலையிலும் எல்லைப் பாலத்தில் பேருந்தில் நின்றேன். பிறகு செனாய் பக்கம் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்ததும் இக்கரையிலேயே தங்கிவிட்டேன்.

செம்பனை எண்ணெய் ஆலைகள், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள், மெர்சிங் பக்கத்து மீன் குளிரூட்டும் கிடங்குகள் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்வது எங்கள் தொழில். கருவியின் உள்ளே ஓடும் கெர்னலையும், அதாவது மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து இடமும் நேரமும் பங்கிட்டுத் தரும் அடிப்படை நிரலையும், நாங்களே எழுதினோம். அது இரண்டு வகைப் புரோசசர்களில் ஓடவேண்டும். பழைய கருவிகளில் இருந்தது பச்சைச் சுற்றுப்பலகை, புதியவற்றில் நீலம். புரோசசர்களின் உண்மையான பெயர்களை நாங்கள் யாரும் சொல்வதில்லை. பச்சை, நீலம், அவ்வளவுதான்.

நினைவகத்தைப் பங்கிடும் நிரல் இரண்டு பலகைகளுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. பச்சைக்கு 4,310 வரி, நீலத்துக்கு 5,122. நான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது பாதிக்கு மேல் ஒரே வேலையைத்தான் செய்தன. ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். நடைமுறையில் ஒரு இடத்தில் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். இதற்கு முடிவு கட்டத்தான் பொதுக் கோப்புறை வந்தது. இரண்டு பலகைக்கும் ஒத்துவருவதெல்லாம் அதில் இருக்கும். ஒத்துவராத இடத்தில் பொது நிரல் ஒரு செயற்கூற்றை அழைக்கும், அந்தந்தப் பலகை தனக்குத் தகுந்த பதிலைத் தரும். ஒரு பலகைக்கு அந்த இடத்தில் வேலையே இல்லையென்றால் அது வெறுமையான ஒரு செயற்கூற்றை வைத்திருக்கும். இளைஞர் கேட்டது இவற்றைத்தான்.

பொதுக் கோப்புறையை என் பொறுப்பில் விட்டவர் எங்கள் தலைமைப் பொறியாளர் என்சிக் ஜைனால். என்சிக் என்பது மலாயில் ஐயா என்பதுபோல. மூவார் ஊர்க்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். பிறர் விசைப்பலகையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. ஏதாவது காட்ட வேண்டுமென்றால் பென்சிலால் திரைக்கு இரண்டு அங்குலம் முன்னால் சுட்டுவார், திரையில் படாது. தவறு என்ற சொல்லை அவர் சொல்லிக் கேட்டதும் இல்லை. நிரலை நிதானமாகப் படித்துவிட்டு, "இனி உந்துக் சியாப்பா?" என்பார். மலாயில், இது யாருக்காக என்று அர்த்தம். பதில் சொல்ல முடியாத வரியை நாமே அழித்துவிடுவோம்.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பொதுக் கோப்புறையில் எந்த மாற்றம் போவதென்றாலும், எழுதியவர் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எதிர்ப் பலகைக்காரர்தான் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்து, ஒவ்வொரு வரியும் ஏன் தேவை என்று வாதாட வேண்டும். நீலத்துக்காரர் எழுதினால் பச்சைக்காரர் வக்கீல், பச்சைக்காரர் எழுதினால் நீலத்துக்காரர் வக்கீல். எழுதியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் இது எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. தன் பிள்ளையைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதுபோல.

நீலத்துக்கு ஹெங். கூலாய்க்காரர், வேகமானவர், சாப்பிடும்போதுகூட நிரல் எழுதுவார். பச்சைக்கு வள்ளியம்மை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நாலு தலைமுறையாகக் கடல்கடந்து வாழும் குடும்பம், அப்பா ஜோகூர் பாருவில் கணக்காய்வாளர். நீலத்துக்கு ஆறு பேர் வேலை செய்தார்கள், பச்சைக்கு வள்ளி ஒருத்திதான். பச்சைப் பலகை விற்பனையில் இல்லை. ஆனால் பதினெட்டு ஆலைகளில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது, அவற்றுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் மூன்று எண்களை எழுதி வைப்பது என் வேலை. பொதுவில் எத்தனை வரி, பச்சையில் எத்தனை, நீலத்தில் எத்தனை. பொதுவில் ஏறி மற்ற இரண்டிலும் இறங்கினால் அது நல்ல வாரம். எல்லோரும் காப்பிக் கோப்பையோடு வந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இடத்துக்குப் போவார்கள்.

அப்படி ஒரு நல்ல வாரத்தில், நினைவகத்தில் பக்கம் எனப்படும் ஒரே துண்டை இரண்டு நிரல்கள் பகிர்ந்துகொள்ள இடம் ஒதுக்கும் பகுதியை ஹெங் பொதுவுக்குக் கொண்டுவந்தார். பச்சையிலும் நீலத்திலும் அது ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஒன்றாக்கினார், முப்பத்திரண்டு வரி மிச்சம். வாதாட வேண்டியவள் வள்ளி. ஆனால் அவள் தம்பி கல்யாணத்துக்குக் காரைக்குடி போயிருந்தாள். ஆள் இல்லாத சமயங்களுக்கு நாங்கள் வேறொரு ஏற்பாடு செய்திருந்தோம். பச்சைப் புரோசசரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரல் இருந்தது. சாதாரணக் கணினியிலேயே ஓடும். போலிப் பச்சை என்போம். வக்கீல் ஊரில் இல்லையென்றால் போலிப் பச்சையில் சோதனைகள் தேறினால் போதும் என்று என்சிக் ஜைனால் ஒத்துக்கொண்டிருந்தார். அது வேகமானது. உண்மைப் பலகை எழுந்து உட்காரவே நேரம் பிடிக்கும், அவை அலமாரியில் உறைக்குள் இருந்தன. போலிப் பச்சையில் 214 சோதனைகளும் தேறின. மாற்றம் உள்ளே போனது. வள்ளி திரும்பி வந்து சீடையும் முறுக்கும் கொடுத்தாள். அடுத்த பதிப்பு ஆலைகளுக்குப் போனது.

பெக்கோக் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து புகார் வந்தது. அந்த ஆலையின் மேற்பார்வையாளர் சந்திரன் தொலைபேசியில் பேசினார். பழக்குலைகளை நீராவியில் வேகவைக்க நீண்ட இரும்புக் கலன் உண்டு. அதில் அழுத்தத்தை மூன்று முறை ஏற்றி இறக்குவார்கள். இரண்டாம் முறை ஏற்றும்போது எங்கள் திரை பழைய எண்ணிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஊசி மீட்டரோ ஏறிக்கொண்டிருந்தது. திரையை நம்பிய தொழிலாளர் நீராவி வரவில்லை என்று நினைத்து வால்வை இன்னும் திறந்துவிட்டார். பாதுகாப்பு வால்வு தூக்கிக்கொண்டு நீராவி வெளியே பாய்ந்தது. யாருக்கும் காயமில்லை.

"என்னா சார் இது, ஸ்க்ரீன்ல ஒண்ணு காட்டுது, மீட்டர்ல ஒண்ணு காட்டுது," என்றார் சந்திரன். "நான் எதை நம்பி ஆள நிறுத்துறது?"

மேலிடத்துக்கு இது ஒரு சாக்காகப் போயிற்று. பலகைக்கு வயதாகிவிட்டது, பதினெட்டு ஆலைகளையும் நீலத்துக்கு மாறச் சொல்லலாம், பச்சைக் கோப்புறையை அடுத்த பதிப்போடு நீக்கிவிடலாம் என்று முடிவு எழுதினார்கள். மாறாத ஆலைகளுக்கு இனித் திருத்தம் கிடைக்காது. வள்ளியை வாடிக்கையாளர் அழைப்புப் பிரிவுக்கு மாற்றுவதாகவும் அதிலேயே ஒரு வரி இருந்தது. என்சிக் ஜைனால் மறுக்கவில்லை, ஒப்பவும் இல்லை. குறை நிரலில்தான் என்று அலுவலக மேசையில், உண்மைப் பலகையில், பதிப்பு மூடும் முன் காட்டினால் கோப்புறை இருக்கும், காட்ட முடியாவிட்டால் போகும் என்றார்.

வள்ளி என் மேசைக்கு வந்து நின்றாள்.

"பலகைக்கு வயசாச்சுன்னு சொல்றாங்கண்ணே. உங்களுக்கும் வயசாச்சு. உங்களையும் உறையில போட்டு அலமாரில வச்சிருவாங்களா?"

நான் சிரிக்கவில்லை. என் கவலை வேறு. பலகை கெட்டிருந்தால் எண் கன்னாபின்னாவென்று வரவேண்டும். இங்கே வந்தது சரியான எண், ஆனால் பழைய எண். கெட்டுப்போன பொருள் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லாது என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள். "கேக்கிறவங்க யாரு?"

இந்த இடத்தில் பச்சையின் குணத்தைச் சொல்லவேண்டும். எந்தப் புரோசசரும் பெரிய நினைவகத்துக்கு ஒவ்வொரு முறையும் போகாது. அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நீலம் அதை அடுக்குவது பொருளின் உண்மையான இடத்தை வைத்து. பச்சை அடுக்குவது, நிரல் அதற்கு என்ன முகவரி சொல்லி அழைக்கிறதோ அதை வைத்து. ஒரே பக்கத்தை இரண்டு நிரல்கள் இரண்டு முகவரியில் அழைத்தால் பச்சை அதை இரண்டு பொருளாக எடுத்துக்கொள்ளக்கூடும். எங்கள் ஊர்த் தோட்டத்து மருந்தகத்தில் ஒருவருக்கு அடையாளக் கார்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருக்கும். அவருக்கே தெரியாமல் இரண்டு சீட்டு போட்டுவிடுவார்கள். இன்றைய காய்ச்சலை ஒரு சீட்டில் எழுதுவார்கள், நாளைக்கு மற்ற சீட்டைப் பார்த்து இவருக்குக் காய்ச்சலே இல்லை என்பார்கள். அழுத்தத்தை அளக்கும் நிரல் ஒரு சீட்டில் எழுதுகிறது, திரையில் காட்டும் நிரல் வேறு சீட்டைப் படிக்கிறது. அதுதான் பழைய எண்.

இதைத் தவிர்க்க ஒரு விதி உண்டு. பச்சையின் சிறு நினைவகத்தில் நான்கு அறைகள். முகவரியின் பக்க எண்ணை நான்கால் வகுத்து வரும் மீதிதான் அறை எண். இரண்டு நிரல்களின் முகவரிகளுக்கும் மீதி ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே அறைக்கு வரும், ஒரே சீட்டுத்தான். எனவே பகிர்ந்த பக்கத்துக்கு இடம் ஒதுக்குமுன் பொது நிரல் பலகையிடம், இந்த முகவரி சரியா என்று கேட்கும். பச்சை கணக்குப் பார்த்து வேண்டுமானால் தள்ளிச் சொல்லும். நீலத்தின் செயற்கூறு வெறுமை, கொடுத்த முகவரியே நிற்கும். அதற்கு எந்த முகவரியும் சரிதான்.

இந்த விதியெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொது நிரல் கேட்கத்தான் செய்தது, வரி அங்கே இருந்தது. போலிப் பச்சையில் குறை வரவில்லை. வராது என்பது வள்ளி சொன்ன பிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது. போலிப் பச்சைக்கு உண்மைப் பச்சையின் எல்லாக் கட்டளைகளும் தெரியும், ஆனால் அதற்குச் சிறு நினைவகமே கிடையாது. இரண்டு சீட்டு போட அதனிடம் அலமாரியே இல்லை. சரி, உண்மைப் பலகையை எடுத்து மேசையில் வைத்து ஓட்டினோம். அதிலும் குறை வரவில்லை. இரண்டு பலகை, மூன்று பலகை, கடைசியில் அலமாரியில் இருந்த ஐந்தும். எதுவும் பொய் சொல்லவில்லை. ஹெங் தன் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையின் பலகை மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆறாவதாக நாங்கள் காட்ட ஒன்றும் இல்லை.

பெக்கோக்குக்குப் போனோம். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சாஆ வழியாக. முன்னும் பின்னும் குலை ஏற்றிய லாரிகள். ஒரு குலை விழுந்தால் கண்ணாடி போய்விடும் என்று நான் இடைவெளி விட்டு ஓட்டினேன், வள்ளி சும்மா இருக்கவில்லை.

"இப்படி ஓட்டினா நாம போறதுக்குள்ள அந்த மில்லையே மூடிருவாங்கண்ணே."

ஆலையில் சந்திரன் எங்களைக் கலனுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். ஊசி ஏறியது, திரை நின்றது. பிறகு திடீரென்று குதித்து ஊசியைப் பிடித்தது. மறுபடி நின்றது. நாங்கள் கொண்டுபோயிருந்த அலுவலகப் பலகையை அதே இடத்தில் மாட்டினோம். அலுவலகத்தில் யோக்கியமாக இருந்த அதே பலகை இங்கே பொய் சொன்னது. ஆக, பலகை இல்லை. எனக்குப் பாதி நிம்மதி. பாதிதான், ஏனென்றால் மேசையில் காட்ட வேண்டும் என்றுதானே சொல்லியிருந்தார்.

வள்ளி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எச்சரிக்கை வாசகங்கள் மாறி மாறி வந்தன. மலாய், ஆங்கிலம், தமிழ், பிறகு வேறொரு எழுத்து. அதைச் சுட்டி என்னவென்று கேட்டாள்.

"நேப்பாளம்," என்றார் சந்திரன். "நேப்பாளத்து ஆளுங்க வந்தாங்கல்ல, அவங்களுக்கு ஒண்ணும் புரியல. உங்க ஆபீஸ்லதான் கேட்டோம், போட்டுக் குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

எப்போது போட்டார்கள் என்று வள்ளி கேட்டாள். இந்தக் கடைசிப் பதிப்போடு என்றார். வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அலமாக்! அய்யய்யோ, அண்ணே, நாம மேசைல எந்த ஸ்க்ரீன ஓட்டினோம்?"

வழக்கமான திரை நிரலை. ஆலைக்கு ஆலை வாசகம் மாறும். அது வேறு பிரிவின் வேலை. கெர்னலைச் சோதிக்க எந்தத் திரையானால் என்ன என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும். நேப்பாள வாசகங்கள் சேர்ந்ததில் அந்த ஆலையின் திரை நிரல் ஒரு பக்கம் நீண்டிருந்தது. ஒரே ஒரு பக்கம்.

மறுநாள் அலுவலகத்தில் வள்ளி ஆலையின் நிரலைக் கொண்டுவந்து ஓட்டவில்லை. அது நேப்பாள எழுத்தின் கோளாறு என்று யாராவது சொல்வார்கள் என்றாள். வழக்கமான திரை நிரலையே எடுத்து, அதன் கடைசியில் எதுவும் எழுதாத வெற்றுப் பக்கம் ஒன்றைச் சேர்த்தாள். பலகையை எழுப்பினாள். அழுத்தத்துக்குப் பதில் ஒரு திருகுக் குமிழைச் சுழற்றி எண்ணை ஏற்றினேன். அளக்கும் நிரல் நாற்பது என்றது. திரை பன்னிரண்டில் நின்றது. வெற்றுப் பக்கத்தை எடுத்தாள், சரியாயிற்று. சேர்த்தாள், நின்றது. ஹெங் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றுகொண்டு, இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். பிறகு அவர் தன் இருக்கைக்குப் போய், தான் ஒன்றாக்கிய பகுதியையும் அதற்கு முந்தைய பச்சையின் நிரலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் விசைச் சத்தமே கேட்கவில்லை. ஹெங்குக்கு அது புதிது.

நடந்தது இதுதான். பொது நிரல் பலகையிடம் முகவரியைக் கேட்கிறது. பச்சை கணக்குப் பார்த்துச் சரியான ஒன்றைச் சொல்கிறது. பிறகு அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பொது நிரல் பார்க்கிறது. மேசையில் எப்போதும் காலியாக இருந்தது. ஆலையில் நீண்டுபோன திரை நிரலின் கடைசிப் பக்கம் அங்கே உட்கார்ந்திருந்தது. இடம் இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்கு நகர வேண்டும். பழைய பச்சை நிரலில், நகர்ந்த பிறகு பலகையிடம் மறுபடியும் கேட்கும் ஒரு வரி இருந்தது. நீலத்தின் நிரலில் அது இல்லை, நீலத்துக்கு அது வேண்டியதில்லை. ஒன்றாக்கும்போது ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பது வீண் என்று அந்த வரி விடுபட்டுவிட்டது. ஒரு பக்கம் நகர்ந்ததும் மீதி மாறியது. அறை மாறியது. இரண்டு சீட்டு ஆனது.

ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தால் போதும். ஆனால் பொதுக் கோப்புறையில் எதைச் சேர்ப்பதானாலும் வழக்கப்படி வாதாட வேண்டும். திருத்தத்தை எழுதியவள் வள்ளி, அவள் பேசக் கூடாது. வாதாட வேண்டியவர் ஹெங்.

அன்றைக்குக் கூட்டத்துக்கு மேலிடத்திலிருந்தும் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். வள்ளி கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கோப்புறை, அதன் பின்னால் பதினெட்டு ஆலைகள், அவளுடைய இடம், எல்லாம் ஹெங்கின் வாயில் இருந்தன. கேள்விக்குப் பதில் சொல்லத் திணறினால்கூடப் போதும், இத்தனை தொல்லை எதற்கு, பச்சையையே எடுத்துவிடலாம் என்று மேலிடத்து ஆள் சொல்லக் காத்திருந்தார்.

ஹெங் வரியைப் படித்தார். என்சிக் ஜைனால் பென்சிலைத் திரைக்கு முன்னால் நீட்டினார்.

"இனி உந்துக் சியாப்பா?"

பச்சைக்காக என்று அவர் சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். உண்மையும் அதுதான்.

"உந்துக் சாயா," என்றார் ஹெங். எனக்காக.

அவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னதன் சாரம் இது. இந்த வரி என் பலகைக்கு வேண்டாம், வேண்டாம் என்பதால்தான் அது என் கண்ணில் படவில்லை. என் பக்கத்தில் அது வெறுமையாக இருக்கும்வரை நான் இதே தவறை மறுபடியும் செய்வேன், என் 214 சோதனைகளும் என்னைத் தட்டிக்கொடுக்கும். ஆகவே சோதனைப் பதிப்பில் மட்டும் நீலத்தின் வெற்றுச் செயற்கூறுகளுக்கு உள்ளே ஏதாவது வைக்க வேண்டும். நீலமும் பச்சையைப்போல நான்கு அறை இருப்பதாகப் பாவித்து மீதியைப் பார்க்கட்டும், ஒத்துவராவிட்டால் ஓட மறுக்கட்டும். பச்சையில் எது உடையுமோ அது நீலத்தில் முதலில் உடையவேண்டும், அங்கேதான் ஆறு பேர் இருக்கிறோம்.

மேலிடத்து ஆள், இல்லாத குறையை நல்ல புரோசசருக்கு நாமே உண்டாக்குவதா என்று கேட்டார். சோதனையில் மட்டும்தான் என்றார் ஹெங். தவறு தன்னுடையது, வேறு ஒருவர் அதற்காக இடம் மாறுவது சரியல்ல என்றும் சொன்னார். அதை ஆங்கிலத்தில், மேலிடத்து ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

என்சிக் ஜைனால் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பச்சைக் கோப்புறை இருக்கும் என்றார். போலிப் பச்சையின் தேர்ச்சி இனி யாருக்கும் வக்கீலாகாது, உண்மைப் பலகைகள் ஐந்தும் உறையிலிருந்து வெளியே வந்து நிரந்தரமாக ஓடவேண்டும் என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, பொதுக் கோப்புறை இன்று முதல் வள்ளியின் பொறுப்பு என்றார். எந்தப் பலகை எளிதில் நோய்ப்படுமோ அதை வைத்திருப்பவர் கையில்தான் பொதுவானது இருக்கவேண்டும், எல்லாவற்றையும் தாங்கும் பலகைக்காரருக்கு எது உடையும் என்று தெரியாது என்று காரணம் சொன்னார். அது என் பொறுப்பாக இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை. என்னைப் பார்த்து, "சாமி, சோதனை மேசை உங்களுக்கு," என்றார். அலுவலகத்தில் என்னை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். அப்போது பொதுக் கோப்புறையில் 3,048 வரி. ஒவ்வொன்றும் என் கை வழியாகப் போனது.

வெளியே வந்ததும் வள்ளி கேட்டாள், "கோவமாண்ணே?"

"கோவம் இல்லம்மா. கவல."

"அது உங்களுக்கு எப்பவும் இருக்கிறதுதானே லா," என்றாள். பிறகு குரலை இறக்கி, "மேசைல நீங்க இருந்தா நான் தைரியமா எழுதுவேன்," என்றாள்.

ஆகவே, கேள்வி கேட்ட தம்பிக்கு: அந்தப் பதினொன்றையும் சோதனைப் பதிப்பில் திறந்து பாருங்கள், அங்கே அவை வெறுமை இல்லை. பச்சை இன்னும் ஆறு ஆலைகளில் ஓடுவதாகக் கேள்வி. அது முழுவதும் போன பிறகும், அடுத்து எந்தப் பலகை என்ன குணத்தோடு வருமென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பன்னிரண்டாவது எங்கே என்பதையும் தயவுசெய்து தேடுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, திருத்திய பதிப்பை எடுத்துக்கொண்டு நாங்கள் மறுபடி பெக்கோக் போனோம். இந்தத் தடவை ஹெங் வண்டி ஓட்டினார், அந்தப் பயணத்தைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. வள்ளி புதிய பதிப்பை ஏற்றினாள். கலனில் குலைகள் போயின, கதவு மூடியது, அழுத்தம் ஏறியது. ஊசியும் எண்ணும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. இரண்டாம் ஏற்றத்திலும் அப்படியே. மூன்றாவதிலும். சந்திரன் தலையாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

கலனை இயக்கும் நேப்பாளத் தொழிலாளர் திரைக்கு நேர் எதிரில்தான் நின்றார். அவர் மொழியில் வாசகம் பெரிதாக வந்தது. அவர் கழுத்தைத் திருப்பி ஊசியைப் பார்த்தார். வால்வைத் தொடுமுன் மறுபடி ஊசியைப் பார்த்தார். திரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

திரை சரியாகிவிட்டதென்று அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஹெங் வள்ளியைக் கேட்டார். வேண்டாம் என்று அவள் மலாயில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு ஊசியவே பாக்கட்டும்ணே. நாம சொல்லி நம்பினதுக்குத்தான் அன்னிக்கு வால்வு தூக்கிச்சு. அவரா திரும்பிப் பாக்கிற வரைக்கும் நாம ஒழுங்கா காட்டிக்கிட்டே இருப்போம்."

அடுத்த தொகுதிக் குலைகள் உள்ளே போயின. நாங்கள் மூவரும் அங்கேயே நின்று, எண் சரியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.